ஓர் அமுக்கலுக்கு மூன்று மணியோசை

"நன்றி. மிக அருமையான திருத்தம். ஒரே ஒரு சின்ன விஷயம்தான்..."

இப்படித்தான் ஆரம்பித்தது. நன்றி சொல்லிக்கொண்டே வருகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது தங்கைக்கு அப்போது தெரியாது. அவளுக்கு டைல்ஸ் கிடங்கு ஒன்றில் வேலை. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கிடங்கில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. முடிக்கும் வரை "இன்னும் முடியலையா?" என்பார்கள், முடித்த பிறகு "இது மட்டும்தானா?" என்பார்கள். அதனால் முன்பின் தெரியாத ஒருவர், ஆந்தைப் படத்தைத் தன் முகமாக வைத்திருந்த ஒருவர், "மிக அருமை" என்று எழுதியதும் அவள் உருகிப்போனாள். அந்த "ஒரே ஒரு சின்ன விஷயம்" அவள் கண்ணில் சரியாகப் படவில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது.

அவளுடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது என்றே சொல்லலாம். உடம்பில் அவர் சொன்னபடி கேட்டது வலதுகைக் கட்டைவிரல் ஒன்றுதான். அதுவும் முழுசாகக் கேட்கவில்லை, நடுங்கிக்கொண்டே கேட்டது.

மருத்துவமனையில் அவருக்கு ஒரு டேப்லெட்டும் தட்டு அகலத்துக்கு ஒரு பொத்தானும் இரவலாகக் கொடுத்து, சக்கர நாற்காலியின் கையில் பொருத்தியிருந்தார்கள். டேப்லெட்டில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வந்ததும் பொத்தானை அமுக்கினால் அந்த வரிசைக்குள் ஒவ்வோர் எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் இன்னோர் அமுக்கு. எழுத்து சேர்ந்து சொல்லாகும், சொல் சேர்ந்து வாக்கியமாகும். கடைசியில் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு பெண்குரல் அதைப் படித்துச் சொல்லும்.

அண்ணன் ஒரு முறை அமுக்கினால் விரல் நடுங்கி மூன்று முறை அமுக்கும். முதல் அமுக்கு வரிசையைப் பிடிக்கும். இரண்டாவது, அவர் கண் இமைப்பதற்குள், அந்த வரிசையின் முதல் எழுத்தைப் பிடித்துவிடும். இருந்த வரிசைகள் நான்கு. ஆகையால் அண்ணனுடைய தமிழ் முழுவதும் அ, க, ண, ய என்ற நான்கு எழுத்துகளுக்குள் அடங்கிப்போயிற்று. தலையணையைச் சரியாக வைக்கச் சொல்லி அரைமணி நேரம் பாடுபட்டார். அறிவிப்புப் பெண்மணி கணீரென்று சொன்னாள்: "ணயயண."

"இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றாள் அண்ணி, தெரியாத்தனமாக.

அவர் பார்த்த பார்வைக்கு எழுத்து தேவைப்படவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் நல்லவர்தான், ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை. "அடுத்த மறுபரிசோதனையில அவரா ஒரு முழு வாக்கியம் சொல்லிட்டா போதும், வச்சுக்கலாம்" என்றார். "இல்லன்னா இது ஒத்துவரலைன்னுதான் நான் எழுதணும். டேப்லெட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கறவங்க நிறையப் பேர். பயிற்சி நேரமும் அவங்களுக்குப் போயிடும்."

"அப்புறம் இவர் எப்படிப் பேசறது?" என்று கேட்டாள் அண்ணி.

பயிற்சியாளர் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஆறு படங்கள்: தண்ணீர், தட்டு, கட்டில், கழிவறை, சிரிக்கும் முகம், அழும் முகம். அண்ணன் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வார்த்தையால் வறுத்தெடுத்த மனிதருக்கு மிச்சம் இருக்கப்போவது ஒரு தட்டும் ஒரு கழிவறையும்.

தங்கை அன்றே வீட்டுக்கு வந்து அந்த மென்பொருளின் உள்வேலையைத் திறந்து பார்த்தாள். திறந்து பார்க்கலாம்; அதுதான் அதன் பெருமை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடிச் சம்பளம் வாங்காமல் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தம் உள்ளே போக மட்டும் பராமரிப்பாளர்கள் இரண்டு பேர் தலையாட்ட வேண்டும். அதாவது கதவு அகலத் திறந்திருக்கும். வாசலில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓர் அமுக்கலுக்குப் பின்னால் உடனே வருகிற அமுக்கல்களைக் கண்டுகொள்ளாதே என்று சில வரிகள். எழுதி, தன் மடிக்கணினியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணன் முன் வைத்தாள். அவர் கட்டைவிரலை விசைப்பலகையின் இடைவெளிக் கட்டையின் மேல் எடுத்து வைத்தாள். வெளிச்சம் நகர்ந்தது, விரல் நடுங்கியது, எழுத்து தப்பாமல் விழுந்தது. அறிவிப்புப் பெண்மணி சொன்னாள்:

"கொசு, முதுகுல அரிக்குது."

கொசு என்பது தங்கைக்கு அவர் வைத்த பெயர். காதருகே விடாமல் ரீங்காரம் போடுகிறவள் என்று சின்ன வயதில் வைத்தது. நாற்பத்தைந்து வயதில் ரயில் நிலையக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணி மட்டும் முதுகைச் சொறிந்துவிட்டாள்.

ஆனால் மடிக்கணினி கிடங்கினுடையது, காலையில் அவளோடு போய்விடும். படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ அதை வைக்கவும் முடியாது. டேப்லெட்டில் மருத்துவமனை போட்ட பூட்டு. மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்பு எது வருகிறதோ அதை மட்டும் ஏற்றுக்கொள்ளும். ஆக, அண்ணன் பேச வேண்டுமானால் வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆந்தை தலையாட்ட வேண்டும். திருத்தத்தை அனுப்பினாள்.

ஆந்தையார் சொன்ன சின்ன விஷயம், வரிகளின் தொடக்கத்தில் விட்ட இடம் அவர்கள் வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்பது. சரிசெய்து அனுப்பினாள். நன்றி வந்தது. கூடவே அடுத்த சின்ன விஷயமும் வந்தது: திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று கணினியே பார்த்துக்கொள்ள ஒரு சோதனை எழுதவில்லையே? எழுதி அனுப்பினாள். அதற்கும் நன்றி. பிறகு நீண்ட அமைதி. பிறகு சம்பந்தமே இல்லாத ஒருவர் எங்கிருந்தோ வந்து, நடுக்கத்துக்கென்று அமைப்புப் பக்கத்தில் தனி இடம் வேண்டாமா, அதற்கு என்ன படம் போடுவது என்று கேட்டார். கை படம் போடலாம் என்றார் ஒருவர். கை படம் ஏற்கெனவே வேறொன்றுக்கு இருக்கிறது என்றார் இன்னொருவர். அலை படம்? அலை என்றால் கடல் என்று நினைத்துக்கொள்வார்களே! இந்தச் சபை சூடுபிடித்து நடந்து, எந்த முடிவுக்கும் வராமல் எல்லோரும் திருப்தியாகக் கலைந்தார்கள்.

அடுத்து, இதற்குள் நாங்கள் மென்பொருளில் நிறைய மாற்றிவிட்டோம், உங்கள் திருத்தம் பழையதாகிவிட்டது, புதிய நிலவரத்துக்கு ஏற்ப மீண்டும் எழுதித் தாருங்கள் என்றார் ஆந்தையார். சோற்றை ஆறவிட்டவரே ஆறிப்போச்சே என்று குறைப்படுவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதித் தந்தாள். அப்போது ஆந்தையார் தலையாட்டினார். உண்மையாகவே ஆட்டினார். தங்கை அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அப்ப முடிஞ்சுதா?"

"இன்னொருத்தர் ஆட்டணும் அண்ணி."

"அவர் எங்க?"

"லீவுல இருக்காராம்."

"சம்பளமே கிடையாதுன்னே. அப்புறம் லீவு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

அந்த இன்னொருவர் தன் முகமாக வைத்திருந்தது ஒரு சைக்கிள். லீவு முடிந்து புத்துணர்ச்சியோடு வந்தார். வந்து கேட்ட கேள்வியைத் தங்கை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுப் படித்தாள்.

"ஒரு பயனர் ஒரே பொத்தானை அடுத்தடுத்து அமுக்கும் சூழல் உண்மையில் ஏற்படுமா? இதன் தேவையை விளக்க முடியுமா?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முடிதிருத்தும் கடை நடத்துகிறவள். தினமும் முப்பது தலைகளோடு பேசிப் பழகிய வாய்.

"கை வராதவங்களுக்குத்தானே இந்த மென்பொருளே? கண்ணாடிக் கடையில உட்கார்ந்துகிட்டு, கண்ணு மங்கறது உண்மையிலேயே நடக்குமான்னு கேக்கறானே இவன்!"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. பாவம், அவங்க சும்மா செய்யறாங்க. சொந்த நேரத்துல."

"நானும் உங்க அண்ணனுக்குச் சும்மாதான் செய்யறேன். தண்ணி கேட்டா, தாகம் உண்மையில் ஏற்படுமா, விளக்கம் தாங்கன்னா கேக்கறேன்?"

அண்ணனின் முகத்தில் அசைகிற பாதி சிரித்தது. தோள் குலுங்கியது. தங்கை மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள். எழுத்துகள் விழ விழ மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"இவன் நம்ம ஆளு."

உடம்பு விழும் வரை அண்ணன் நகராட்சியில் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் பிரிவில் அதிகாரியாக இருந்தார். கை சுத்தம். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அதனாலேயே அவரை யாராலும் அவசரப்படுத்தவும் முடிந்ததில்லை. வீடு கட்ட வருகிறவனிடம் குறைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட மாட்டார். முதல் முறை படிக்கட்டு. அதைச் சரிசெய்து வந்தால் ஜன்னல். ஜன்னலும் சரியானால், வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாயே, அது ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று ஒரு முறை தங்கை கேட்டதற்கு, "சொன்னா மறுநாளே எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வந்து நிப்பான். அப்புறம் அந்த நாற்காலியில நான் எதுக்கு?" என்று கேட்டவர்.

அதனால் தங்கை இப்போது வேறு மாதிரி கேட்டாள். "உங்க ஆபீஸ்ல எவனோட வரைபடமாவது சீக்கிரம் போயிருக்கா அண்ணா?"

விரல் நெடுநேரம் உழைத்தது.

"ஒருத்தன். குளியலறைக் கதவை அடுப்பு மேல திறக்கற மாதிரி வரைவான்."

"ஐயோ! எதுக்கு?"

"நான் சிவப்புல சுழிக்க. சுழிச்சதும் மனசு நிறைஞ்சிடும். மத்ததுக்கு உடனே கையெழுத்து."

"அவன் வேணும்னுதான் செய்யறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மரியாதை தெரிஞ்சவன்" என்றாள் அறிவிப்புப் பெண்மணி, அடுத்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்கிற அதே நிதானத்தில்.

அப்படியானால் திருத்தத்தோடு ஒரு தப்பையும் சேர்த்து அனுப்புவது என்று முடிவாயிற்று. குருடனுக்கும் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும். சைக்கிள்காரர் அதைப் பிடித்து, கடிந்து, எடுக்கச் சொல்லி, திருப்தியடைந்து, மற்றதற்குத் தலையாட்டுவார். என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. தங்கைக்குத் தோன்றியதெல்லாம் சின்னச் சின்னதாக, உண்மையிலேயே நடந்துவிடக்கூடிய தப்பாக இருந்தன.

"என் கடைக்கதவுல மணி கட்டியிருக்கேன்" என்றாள் அண்ணி. "எவ வந்தாலும் போனாலும் டிங். பொழுது சாயறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அதே மாதிரி அடிக்கட்டும். அதை எவன் ஒத்துக்குவான்?"

ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை. வார்டில், வகுப்பறையில், படுக்கையில் வைத்துக்கொள்ளும் கருவியில் எழுத்துக்கு எழுத்து மணியடித்தால் மனுஷன் தாங்குவானா? தங்கை அண்ணியின் கடைமணியையே ஒலிப்பதிவு செய்து, திருத்தத்தோடு சேர்த்து அனுப்பிவைத்தாள்.

இதுவரை வாரக்கணக்கில் வாய் திறக்காதவர்களிடமிருந்து, அவள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஆந்தையார் எழுதியிருந்தார்: "அடடா, மணி! அற்புதமான யோசனை!" சைக்கிள்காரர்: "இத்தனை வருஷமாக இது நமக்குத் தோன்றவில்லையே!" படம் போடுவதைப் பற்றிச் சபை நடத்தியவர்கள் எல்லோரும் திரும்ப வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் கட்டைவிரல் நன்றாக வேலை செய்தது. கடைசியில் ஆந்தையார் அன்போடு கேட்டுக்கொண்டார்: "மணியை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்புங்கள். உடனே சேர்த்துவிடலாம். அந்த நடுக்கம் சம்பந்தப்பட்டதைப் பிறகு நிதானமாகப் பார்ப்போம்."

தங்கை பிரித்து அனுப்பவில்லை. அவளுக்கு ஏன் சிரமம் என்று அவர்களே பிரித்து எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

புதிய பதிப்பு வெளிவந்தது. மருத்துவமனையின் டேப்லெட்டுகள் எல்லாம் அதைச் சமர்த்தாக இறக்கிக்கொண்டன. நடுக்கத்துக்கு மருந்து இல்லை. மணி மட்டும் வந்து சேர்ந்தது. அண்ணன் பொத்தானைத் தொட்டார்.

டிங் டிங் டிங்.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை தொட்டார். டிங் டிங் டிங் டிங். பக்கத்து வீட்டுக் குழந்தை ஐஸ் வண்டி என்று தெருவுக்கு ஓடிவந்து, வண்டியைக் காணாமல் அழுதது.

தங்கை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

"எல்லாம் உங்க ஆபீஸ் மூளை அண்ணா! தப்பு வை, தப்பு வைன்னு சொல்லி, இப்ப தப்பு மட்டும் உள்ள போய் உட்கார்ந்துடுச்சு. அடுத்த வாரம் மறுபரிசோதனை. அந்த அம்மா முன்னால என்ன பண்ணப்போறீங்க? மணியடிச்சுக் காட்டப்போறீங்களா? ஊர்ல இருக்கறவன் வீட்டையெல்லாம் இழுத்தடிச்சீங்களே, அவங்க சாபம்தான் இப்ப என் தலையில விடியுது!"

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் நாலு வார்த்தை சொன்னாள். அதற்கும் ஜன்னல். ஐந்தாவது வார்த்தைக்கு வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மடிக்கணினி இன்னும் பைக்குள் இருந்தது. திருப்பிச் சொல்ல முடியாத மனிதரிடம் அவள் இவ்வளவு நேரம் சண்டை போட்டிருக்கிறாள். அவர் நாற்காலியை மேசையருகே தள்ளி, மடிக்கணினியை எடுத்துத் திறந்து அவர் முன் வைத்து, விரலைத் தூக்கி உரிய இடத்தில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

விரல் அசைந்தது.

"இப்ப திட்டு."

அவள் எழுந்து அவருடைய தலையணையைச் சரியாக வைத்தாள்.

மறுநாள் கிடங்கில், சாப்பாட்டு இடைவேளையில், வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திறந்தவள் கையிலிருந்த சாப்பாட்டை மறந்தாள். புகார்கள் வந்து குவிந்திருந்தன. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து: எங்கள் வகுப்பில் ஆறு பிள்ளைகள் இதைப் பயன்படுத்துகிறார்கள், பாடம் நடத்த முடியவில்லை. ஒரு முதியோர் இல்லத்திலிருந்து: தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். யாரோ ஒரு கணவர்: என் மனைவி ஒரு முறைதான் அமுக்குகிறாள், மணி நான்கு முறை அடிக்கிறது. இன்னொருவர்: என் மகனுக்கு ஐந்து. இன்னொருவர்: ஓர் அமுக்கலுக்கு மூன்று, இது என்ன கணக்கு?

தங்கை கீழே கீழே போய்ப் படித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை காலம் இத்தனை கைகளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சத்தம் வராததால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணனைப் போல நான்கெழுத்துத் தமிழோ வேறெதுவோ பேசி, புரியாதவர்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! எழுத்து தப்பாக விழுந்தபோது அது நோயாளியின் பாடு. மணி அடித்ததும்தான் மற்றவர்களுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும்தான் அது பிழை ஆயிற்று.

பட்டியலின் உச்சியில் ஆந்தையார் சிவப்பில் எழுதியிருந்தார்: "மிக மிக அவசரம். மணியைச் சேர்த்தவர் உடனடியாகக் கவனிக்கவும். ஒரு முறை அமுக்கினால் ஒரு முறை மட்டுமே அடிக்க வேண்டும். இப்படிப்பட்ட குறைகளோடு திருத்தங்களை அனுப்பலாமா?"

மணியை எடுத்துவிடலாம் என்று அவர் எழுதவில்லை. மணி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

தங்கைக்கு ரத்தம் கொதித்தது. பதில் எழுதினாள், நீளமாக, நறுக்கென்று, அண்ணியே கை தட்டும்படி. ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு முழுவதையும் அழித்தாள். ஒரு முறை அமுக்கினால் ஒரு முறை மட்டும். அவள் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தது வேறென்ன?

தன் பழைய திருத்தத்தை எடுத்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினாள். 'கை நடுங்குகிறவர்களுக்கான வசதி' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'மணி பலமுறை அடிக்கும் கோளாறுக்கு அவசரத் தீர்வு' என்று போட்டாள். அனுப்பினாள்.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்க?"

"ஒரு மணியை நிறுத்தறேன் சார்."

"நம்ம கிடங்குலயா? எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்காது சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் ஆந்தையார் தலையாட்டிவிட்டார். இரண்டாவது தலைக்குக் காத்திருக்கவே இல்லை; அவசரத்துக்கு விதிவிலக்கு உண்டாம். விட்ட இடம் அதிகமா குறைவா என்று யாரும் அளக்கவில்லை. சோதனை எங்கே என்று கேட்கவில்லை. படத்தைப் பற்றியும் பேச்சில்லை. கடைசியாகச் சைக்கிள்காரர் மட்டும் யோசனையோடு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "பயனர்கள் உண்மையிலேயே அடுத்தடுத்து அமுக்குகிறார்கள் போலிருக்கிறது. சுவாரசியமான விஷயம். யாராவது இதை முன்பே சுட்டிக்காட்டியிருக்கலாம்."

அதை அவள் அன்று மாலை அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தட்டவேண்டியிருந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? கழுத்தை நெரிக்கணும் அவனை!" என்றாள் அண்ணி.

"நானும் எழுதியிருக்கேன். இதே மாதிரி" என்றது மடிக்கணினி.

மறுபரிசோதனைக்கு முந்தின நாள் டேப்லெட்டில் புதிய பதிப்பு வந்து இறங்கியது. முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றால், அண்ணன் அன்று முழுவதும் காய்ச்சலில் தூங்கினார். ஆக, பார்க்காமலேயே கிளம்பினார்கள்.

பயிற்சியாளரின் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் அண்ணியும் தங்கையும் உட்கார்ந்தார்கள். அண்ணனின் நாற்காலி சுவர் ஓரமாக நின்றது, இடம் அவ்வளவுதான். வெளியே நடையில் ஒரு பெரியவரை அவர் மகள் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் மடியில் ஆறு படம் போட்ட அட்டை.

"காய்ச்சல் வந்துதாமே? இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இப்ப பரவாயில்லைங்க" என்றாள் அண்ணி.

டிங்.

"சாப்பிடறாரா?"

"கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடறார்."

டிங்.

"கோபப்படறாரா? எரிச்சல் காட்டறாரா?"

"அது அவருக்குக் கூடப் பிறந்தது" என்றாள் தங்கை. மூன்று பேரும் சிரித்தார்கள்.

டிங். சற்று விட்டு, டிங். பேச்சுக்கு நடுநடுவே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"பரவாயில்லையே, ஒவ்வொரு தடவையாத்தான் அடிக்குது" என்றார் பயிற்சியாளர், எழுதிக்கொண்டே. "போன வாரம் எங்க பாடு பெரும்பாடா போச்சு. சரி, ராத்திரி எப்படித் தூங்கறார்? நடுவுல எழுந்துக்கறாரா?"

"அவர் வந்து..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"என்னைப் பார்த்துக் கேளுங்க" என்றது ரயில் நிலையக் குரல்.

பயிற்சியாளரின் பேனா நின்ற இடத்தில் நின்றது. தங்கைக்குக் காது வரை சுட்டது. இத்தனை மாதமாக இவருக்காக உலகம் முழுவதும் வாதாடியிருக்கிறாள். இந்த அறையில் உட்கார்ந்து, ஐந்தடி தள்ளி இருக்கிற மனிதரைப் பற்றி, அவர் ஊரிலேயே இல்லாத மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பயிற்சியாளர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, மேசையைச் சுற்றிக் கொண்டுபோய், அண்ணனின் நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். என் தப்புதான். ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

வெளிச்சம் முதல் வரிசைக்கு வந்தது, போயிற்று. இரண்டாவது வந்தது, போயிற்று. அண்ணன் அவசரப்படவே இல்லை. அண்ணிக்கு நாக்கு துறுதுறுத்தது, "நேத்து ராத்திரி..." என்று வாயெடுத்தாள். தங்கை மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். நடையில் பெரியவரின் மகள் கதவுக்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஒவ்வொன்றாக எழுத்து விழுந்தது.

"தூங்கறேன். இவங்க ரெண்டு பேரும் பேசாதப்ப."

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே குனிந்து, தாளின் அடியில் 'கருவி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டிங், என்று அண்ணன் அதற்கும் பதில் சொல்ல ஆரம்பித்தார். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.